மேளத்தை நிறுத்திய குதிரை

பயத்தையும் சந்தோஷத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள் குதிரை வாங்கக் கூடாது என்று நான் பலரிடம் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அவர்களில் சிலர் அதற்கப்புறம் என்னோடு பேசுவதில்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்த காலத்திலிருந்தே எனக்கு வாய் கொஞ்சம் நீளம். விசில் ஊதி ஊதிப் பழகிய வாய், மெதுவாகப் பேச வராது. அந்த வேலையை விட்டுவிட்டுப் பாரிவாக்கத்தில் குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த பிறகும் அது குறையவில்லை. நான் குதிரைகளிடம் மட்டும்தான் தாழ்ந்த குரலில் பேசுகிறேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவருக்கு அதில் வருத்தம் உண்டு.

லாயம் என்னுடையது இல்லை. ஏரிக்கரையை ஒட்டி நிலம் வைத்திருந்த பழைய விவசாயக் குடும்பத்துக்காரர் ஒருவருடையது. நெல் விளைந்த நிலத்தில் பாதி மனைப்பிரிவாகி, அதன்மேல் இப்போது அடுக்குமாடிகள் நிற்கின்றன. மீதியில் தண்ணீர் லாரிகளை நிறுத்தினார். லாரி நிறுத்தியது போக இருந்த இடத்தில் குதிரை வளர்க்க ஆசைப்பட்டார். ஆசை அவருடையது, வேலை என்னுடையது. கல்லூரி நாட்களில் என்.சி.சி. குதிரைப் பிரிவில் இருந்தவள் என்று யாரோ சொல்லக் கேட்டு, ஆவடிக்கே வந்து என்னைக் கூப்பிட்டார். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை டீச்சர் என்பார். மற்றவர்களிடம் பேசும்போது இரண்டு பேரும் ஒருவரையொருவர் ‘அந்தப் பிடிவாதம்’ என்றுதான் குறிப்பிடுவோம்.

ஒரு மார்கழிக் காலையில் நான் லாயத்துக்குப் போனபோது ஒரு வெள்ளைப் பெண்குதிரை கட்டியிருந்தது. விசேஷங்களுக்குக் குதிரை விடுகிற ஒருவரிடமிருந்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முதலாளி வாங்கி வந்திருந்தார். திட்டலாம் என்று நான் மூச்சை இழுப்பதற்குள் அவர் கைபேசியில் ஒரு மேளத்தைப் போட்டார். குதிரை முன்னங்காலை மடக்கித் தூக்கியது. இறக்கியது. அடுத்த காலைத் தூக்கியது. கழுத்தை வில்லாக வளைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஆட ஆரம்பித்தது.

“பாத்தீங்களா டீச்சர்! மேளம்னா உசுரு இதுக்கு. காலு தரையில நிக்க மாட்டேங்குது பாருங்க!”

பிறந்தநாள் பையன் மாதிரி அவர் முகம் மலர்ந்திருந்தது. நான் குதிரையின் காலைப் பார்க்கவில்லை. காதைப் பார்த்தேன், பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணைப் பார்த்தேன், வெள்ளை தெரிந்தது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நான் நிற்கிற அந்தக் குளிரில் அதன் விலாப்பக்கம் வேர்த்துப்போய் இருந்தது. பாட்டு முடிவதற்குள் தண்ணீராக லத்தி போட்டது.

“அண்ணே, இது ஆடலை. அலறுது.”

அவர் சிரித்துவிட்டார். “உங்களுக்கு மேளம் புடிக்காது, அதைச் சொல்லுங்க. சர்ச்சுல பியானோ கேட்டு வளந்தவங்க நீங்க.”

“எங்க சர்ச்சுல வாசிக்கிற டிரம்ஸுக்கு நான் பஞ்சு வெச்சுக்கிட்டுதான் ஜெபம் பண்றேன். பேச்சை மாத்தாதீங்க.”

குதிரைக்கு ஆட்டம் எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பதை நான் ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறேன். இரண்டு பக்கமும் கயிறு கட்டி நகர முடியாமல் நிறுத்துவார்கள். எதிரே மேளம். கீழே ஒருவன் குச்சியோடு உட்கார்ந்து முழங்காலுக்குக் கீழே எலும்பில் தட்டுவான். காலைத் தூக்கினால் அந்தக் காலுக்கு அடி நிற்கும், அடுத்த காலுக்கு ஆரம்பிக்கும். கொஞ்ச நாளில் குச்சி தேவைப்படாது. மேளச் சத்தம் கேட்டாலே போதும், அடி விழப்போகிறது என்று கால் தானாகத் தூக்கிக்கொள்ளும். நாம் சுற்றி நின்று கைதட்டுவோம். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

அந்த வெள்ளைக் குதிரையின் வாயைத் திறந்து பார்த்தேன். இரண்டு ஓரங்களிலும் தழும்பு. கூடவே வந்த பையில் முள் வைத்த கடிவாளம் ஒன்று இருந்தது. லகானை இழுத்தால் முள் வாய்க்குள் குத்தும். அன்று மாலையே அதைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு வந்தேன். முதலாளி பிறகு தேடியபோது, போட்டுவிட்டேன் என்று சொன்னேன். முறைத்தார். நானும் முறைத்தேன்.

மேளம் இல்லாத நேரத்தில் அவளைப் போல ஒரு குதிரையை நான் பார்த்ததில்லை. முள் இல்லாத கடிவாளம் போட்ட பிறகு லகானை விரலால் தொட்டாலே புரிந்துகொள்வாள். நடக்கும்போது என் தோளுக்குப் பக்கத்தில் மூக்கை வைத்துக்கொண்டே வருவாள். குதிரையேற வருகிறவர்கள் எல்லோரும் அவளைத்தான் கேட்டார்கள். ஆனால் எங்கள் பக்கம் மேளம் இல்லாத வாரம் ஏது? ஆடி மாதம் முழுக்க திருவேற்காட்டுக்குப் போகிற கூட்டம். மற்ற மாதங்களில் கல்யாணம், கட்சிக் கூட்டம், சாவு. எது போனாலும் எங்கள் சாலை வழியாகத்தான் போகும்.

ஒருநாள் சாவு மேளம் ஒன்று சாலையில் போய்க்கொண்டிருந்தது. நான் தீவனம் எடுக்க உள்ளே போனேன். அவள் தன் கொட்டடிக்குள் தனியாக, கயிறு இல்லாமல், எதிரே யாரும் இல்லாமல், சிமென்ட் தரையில் ஆடிக்கொண்டிருந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு ஆடினாள். மேளம் தூரமாகிக் கேட்காமல் போகும் வரை நிறுத்தவே இல்லை. நிறுத்தலாம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. நான் கதவருகில் நின்று அழுதேன். எனக்கு அழுகை சுலபத்தில் வருவதில்லை.

இதை முதலாளியிடம் சொன்னேன். அவர் முகம் மறுபடி மலர்ந்தது. “பாருங்க! யாரும் இல்லைன்னாலும் ஆடுது! அவ்ளோ ஆசை கீது அதுக்கு!”

அன்று நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. அவர் கெட்டவர் இல்லை, அதுதான் பிரச்சினை. தினமும் வெல்லம் கொண்டுவந்து அவளுக்கு ஊட்டுகிறவர். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போய்விடலாம். ஆசையாகவே தப்புச் செய்கிறவரை என்ன செய்வது?

அப்போதுதான் அவருடைய தங்கை மகளுக்குக் காதுகுத்து வந்தது. தங்கையைத் திருமுல்லைவாயிலில் கொடுத்திருந்தார்கள். அதற்கு முந்தைய விசேஷத்தில் தங்கையின் ஓரகத்தி பிறந்த வீட்டிலிருந்து செண்டை மேளமும் வாணவேடிக்கையுமாகச் சீர் வந்து, ஊரே அதைப் பற்றிப் பேசியிருக்கிறது. தங்கையின் மாமனார் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டியிருக்கிறார். தாய்மாமன் சும்மா இருப்பாரா? நாட்டியக் குதிரை வரும், அதன்மேல் நானே உட்கார்ந்து வருவேன், மண்டப வாசலில் ஆடவிட்டு எல்லோர் வாயையும் அடைக்கிறேன் என்று சபதம் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

“என் தங்கச்சி அந்த ஊட்ல தலை நிமிந்து நிக்கணும் டீச்சர். ஒரே ஒரு நாளு. அதுக்கப்புறம் நீங்க சொல்றதைக் கேக்கறேன்.”

வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் குதிரை அவருடையது. நான் போனால் அதை விற்ற ஆளையே கூப்பிடுவார். அவன் இன்னொரு முள் கடிவாளத்தோடு வருவான். அவள் அந்த ஒரு நாளைக் கடந்தால்கூட, ஆட்டம் பார்த்த சனம் அடுத்த விசேஷத்துக்கும் கேட்கும். பிறகு அவள் பிழைப்பே அதுவாகிவிடும். இதையெல்லாம் யோசித்துவிட்டுத்தான் நான் சொன்னேன்: “சரி. மேல உட்காரணும்னா முதல்ல என்கிட்ட கத்துக்கணும்.”

என் கணக்கு எளிமையானது. தரையில் நின்று பார்க்கிற வரைக்கும் அவர் கண்ணுக்கு அது ஆட்டம்தான். மேலே உட்காரட்டும், மீதியைக் குதிரையே சொல்லும். எனக்கு இதில் சந்தேகமே இருக்கவில்லை.

நிபந்தனை போட்டேன். முதலில் தொப்பை. அந்தக் குதிரையின் முதுகுக்கு அவர் உடம்பு அதிகம். மாலை பஜ்ஜி போச்சு, போண்டா போச்சு. பூந்தமல்லி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற டீக்கடையில் என்னைப் பார்த்ததும் வாழைக்காய் பஜ்ஜியைக் கைக்குட்டைக்குள் மறைத்த மனிதரை எனக்குத் தெரியும், பெயர் சொல்ல மாட்டேன். வெயிலுக்கு முன்னால் காலையில் வரவேண்டும். என் சொல்லை மீறி லகானைப் பிடிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

எங்கள் லாயத்திலேயே பொறுமையான கிழட்டுக் குதிரை மேல் முதலில் ஏற்றினேன். ஏறின உடனே சேணத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார். தோள் காதுவரை ஏறிவிட்டது. “மூச்சு விடுங்க அண்ணே” என்றேன். “உட்டுகினுதான் கீறேன்” என்றார். விடவில்லை. குதிரை அசையாமல் நின்றது. மேலே இருக்கிறவர் கல்லாகிவிட்டால் அதுவும் ஏன் நடக்கவேண்டும்? ஒருவழியாக அவருக்கு மூச்சு முட்டி, பெருமூச்சு ஒன்று விட்டார். குதிரை உடனே நடந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காகத்தான் இந்த வேலையைச் செய்கிறேன்.

தொப்பை கரைந்ததும் வெள்ளைக் குதிரைக்கு மாற்றினேன். அவளிடம் அவர் வேறு மனிதர். ஏறுவதற்கு முன்னால் கழுத்தைத் தடவிக்கொடுப்பார். அவர் முதுகு இறுகினால் அவள் காது திரும்பும். மூச்சை நீளமாக விட்டால் வேகம் குறையும். “டீச்சர், லகானே தேவையில்லை! மூச்சை உட்டா நிக்குது!” என்று மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து கத்துவார். அடுக்குமாடிப் பால்கனிகளில் துணி காயப்போடுகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அவள் பேசுவதை அவர் கேட்கக் கற்றுக்கொண்டிருந்தார். இனி மேளத்தை வைக்கலாம் என்று முடிவு செய்தேன்.

சீருக்குப் பேசியிருந்த டிரம்ஸ் செட்டையே வரச்சொன்னேன். நாலைந்து வாலிபர்கள், அவர்களுக்குத் தலைவனாக ஒருவன், தலைமுடிக்குச் சிவப்புச் சாயம் அடித்தவன். மைதானத்து ஓரத்தில் நிறுத்தினேன். முதலாளி குதிரைமேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். நான் தலையாட்டியதும் அடித்தார்கள்.

அவள் ஆட ஆரம்பித்தாள். முதலாளி சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. கீழே குனிந்து அவள் கழுத்தைப் பார்த்தார். கையை அங்கே வைத்தார். உடனே எடுத்துவிட்டார்.

“டீச்சர், நிறுத்தச் சொல்லுங்க.”

நான் கையைத் தூக்கினேன். மேளம் நின்றது. அவர் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. தண்ணீர்த் தொட்டி விளிம்பில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் அவளை நடக்கவைத்து, ஆறவைத்து, கட்டிவிட்டு வரும்வரை அங்கேயே இருந்தார்.

“நடுங்குது டீச்சர். என் காலுக்கு நடுவுல அதோட நெஞ்சு எப்படி அடிச்சுது தெரியுமா? உள்ளேர்ந்து உதறுது. வெளியில பாத்தா டான்ஸு.” தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். “நான் கைதட்டிகினு இருந்தேனே.”

நான் வென்றுவிட்டேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது சந்தோஷப்பட முடியவில்லை. வெல்லம் ஊட்டின கை அது. நானும் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தேன்.

“குதிரையே வேணாம்” என்றார் அவர். “தட்டைத் தூக்கிகினு நடந்தே போறேன். பேசறவன் பேசட்டும்.”

“அது சரிப்படாது அண்ணே. காதுகுத்து ஒரு நாளோட முடிஞ்சுடும். இந்த ரோட்டுல மேளம் முடியாது. அவ ஆயுசு முழுக்கக் கொட்டடிக்குள்ள ஆடணுமா?”

“பின்ன இன்னாதான் பண்ணச் சொல்றீங்க?”

“மேளத்தை நிறுத்துறது எப்படின்னு அவளுக்குக் கத்துக்கொடுக்கப் போறோம்.”

மறுநாள் செட்டைத் திரும்பவும் வரவழைத்து விஷயத்தைச் சொன்னேன். தூரத்தில் நின்று, ஒரே ஒரு டிரம்மை, மெதுவாக அடிக்கவேண்டும். அவள் ஆடுகிற வரை அடிக்கலாம். நாலு காலும் தரையில் நின்றுவிட்டால் அந்தக் கணமே நிறுத்திவிடவேண்டும். சிவப்பு முடிக்காரன் தலையைச் சொறிந்தான்.

“இன்னா டீச்சர் இது? ஆடறவன் டல்லானா அடி ஏத்துவோம். அதான் எங்க தொழிலு. நீங்க தலைகீழா சொல்றீங்கோ.”

“தலைகீழாத்தான் சொல்றேன். இங்கே நீங்க அவளை ஆட்டப்போறதில்லை. அவதான் உங்களை நிறுத்தப்போறா.”

“குதிரை சொல்லி நாங்க நிறுத்தணுமா?”

“ஆமா. முடியுமா, முடியாதா?”

விசில் காலத்துக் குரல் வந்துவிட்டது. முடியும் என்றான்.

முதல் நாள் என் பொறுமைக்கே சோதனை. ஏரிக்கரை ஓரத்தில் இருந்து, காதில் விழுந்தும் விழாமலும் டிரம் ஒலித்தது. அவள் ஆடிக்கொண்டே இருந்தாள். மேலே யாரும் இல்லை, கயிற்றைத் தளர்வாக நான்தான் பிடித்திருந்தேன். களைத்தோ தடுமாறியோ ஒரு நொடி நாலு காலும் தரையில் நின்றன. டிரம் நின்றது. அவளுக்கு அது புரியவில்லை. மறுபடி அடித்தார்கள், மறுபடி ஆடினாள். மறுபடி ஒரு நொடி நின்றாள், மறுபடி அமைதி. இப்படியே போய்க்கொண்டிருந்தது. வெயில் ஏறுவதற்குள் அன்றைக்கு முடித்துக்கொண்டோம்.

அது எந்த நாள் என்று நினைவில்லை. ஆனால் அந்த நிமிஷத்தை மறக்க மாட்டேன். டிரம் ஆரம்பித்தது. இடது காலைத் தூக்கினாள். தூக்கினபடியே யோசித்தாள். குதிரை யோசிக்குமா என்று கேட்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. காலைக் கீழே வைத்தாள். டிரம் நின்றது. அவள் தலையைத் திருப்பி, காதை முன்னால் நீட்டி, சிவப்பு முடிக்காரனை நேராகப் பார்த்தாள். அவன் மறுபடி அடித்தான். இந்த முறை அவள் காலைத் தூக்கவே இல்லை. அப்படியே நின்று அவனைப் பார்த்தாள். அவன் குச்சி காற்றில் நின்றது.

“டீச்சர்! என்னை நிறுத்திட்டா டீச்சர்!” என்று அவன் துள்ளிக் குதித்தான். நான் வாய்விட்டுச் சிரித்தேன். முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அந்தப் பிள்ளைகளுக்கு அதுவே விளையாட்டாகிவிட்டது. மகாராணி என்று அவளுக்குப் பேர் வைத்தார்கள். வெளியே போய் அடிக்கிற இடத்தில்கூட ஆடுகிறவன் நின்றால் கை தானாக நின்றுவிடுகிறது, ஆள் திட்டுகிறான் என்று சிரித்துக்கொண்டே குறைப்பட்டார்கள். ஒரு டிரம் இரண்டானது, பிறகு முழுச் செட்டானது. கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்தார்கள். முதலாளி மறுபடி மேலே ஏறினார். அவள் இறுகும்போது அவர் மூச்சை நீளமாக விடுவார், அவள் நிற்பாள், மேளம் நிற்கும். கடைசியில் மேளத்துக்குப் பின்னால் சாதாரணமாக நடந்தாள். வேண்டும்போது நிறுத்த முடியும் என்று தெரிந்துவிட்டதால் அவள் அதிகம் நிறுத்தவும் இல்லை.

ஒரு விஷயம் மட்டும் மிச்சமிருந்தது. ஆட்டம் கிடையாது என்று தங்கை வீட்டில் அவர் இன்னும் சொல்லவில்லை. கேட்டால் பேச்சை மாற்றினார். விசேஷத்துக்கு முந்தின மாலை சேணத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “டீச்சர், குதிகாலால குத்தி லகானை இழுத்தா இப்பவும் ஆடுமா?”

பொய் சொல்ல எனக்குப் பிடிக்காது. “ஆடும் அண்ணே. பழசு மறக்காது. ஆனா அதுக்கப்புறம் அவ உங்களை நம்பமாட்டா. எங்களையும்தான்.” அவர் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே யோசித்தேன். நான் சொல்லிக்கொடுத்ததில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தங்கை என்று வந்துவிட்டால் அண்ணன்கள் என்ன செய்வார்கள் என்பது நான் சொல்லிக்கொடுக்கிற பாடத்தில் இல்லை.

திருவேற்காட்டில் மண்டபம். காலையிலேயே ஊர்வலம். பட்டுப்பாவாடை, வளையல், பழம், இனிப்பு என்று தட்டுகளோடு பெண்கள் வரிசையாக வந்தார்கள். முன்னால் டிரம்ஸ் செட். நடுவில், பட்டு வேட்டிக்குள் நான் கட்டாயப்படுத்திப் போடவைத்த கால்சட்டையோடு, மாலையும் தலைப்பாகையுமாக, குதிரைமேல் தாய்மாமன். அவள் தோளுக்குப் பக்கத்தில் நான், பட்டுப்புடவையும் கான்வாஸ் ஷூவுமாக. என்னைப் பார்த்துச் சிரித்தவர்களை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் காது முன்னாலும் பின்னாலும் சுகமாக ஆடிக்கொண்டிருந்தது.

மண்டபத் தெரு முனையில் திருமுல்லைவாயில்காரர்கள் திரண்டு நின்றார்கள். எல்லோரும் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். தங்கையின் மாமனார் முன்னால் வந்தார்.

“இன்னாப்பா, நடந்துகினே வருது? ஆட்டக் குதிரைன்னு சொன்னே? ஆட உடு! டேய், அடி ஏத்துங்கடா!”

விசில் பறந்தது. கூட்டத்தின் சூட்டில் சிவப்பு முடிக்காரனுக்கு எல்லாம் மறந்துபோய்விட்டது. செட் மொத்தமும் சேர்ந்து அடி ஏற்றியது. சுவர்களில் மோதி அந்தச் சத்தம் திரும்பி வந்தது. அவள் நின்றாள். கழுத்து வளைந்தது. இடது கால் மேலே வந்தது.

கூட்டம் ஆரவாரம் செய்தது. என் கை லகானை நோக்கிப் போய்விட்டது, பாதியில் இழுத்துக்கொண்டேன். மேலே இருப்பவர் அவர், அவர்தான் செய்யவேண்டும். அவர் குதிகாலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஆண்டவரே, ஆண்டவரே என்பதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

அவர் லகானைத் தளர்த்தினார். கையை அவள் பிடரியில் வைத்தார். அவர் நெஞ்சு இறங்கி, மூச்சு நீளமாக வெளியே போவதை நான் பார்த்தேன். அவள் கால் கீழே இறங்கியது. நாலு காலும் தரையில் நின்றன.

மேளம் சட்டென்று நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. பழகின கைகள் தாமாக நின்றுவிட்டன. அத்தனை சத்தத்துக்குப் பிறகு அந்தத் தெருவில் அப்படி ஓர் அமைதி. பின்னால் மாட்டிக்கொண்ட ஷேர் ஆட்டோ ஒன்று மட்டும் ஹாரன் அடித்தது.

“இன்னா ஆச்சு? ஏன் நிறுத்திட்டீங்கோ?” என்றார் மாமனார்.

“குதிரை நிறுத்தச் சொல்லிச்சு மாமா” என்றார் முதலாளி மேலிருந்து. “அது ஆடாது. ஆடறதா நான்தான் சொன்னேன். அது ஆட்டமே இல்லை, பயம். என் தங்கச்சி பொண்ணுக்கு நல்லது நடக்கற அன்னைக்கு ஒரு வாயில்லா ஜீவனை நடுங்க வெச்சு நான் சீர் கொண்டாரமாட்டேன்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாமனார் பக்கத்தில் நின்றவரிடம் ஏதோ முணுமுணுத்தார். முதலாளியின் காது சிவந்துபோனது. அப்போது ஆரத்தித் தட்டோடு தங்கை கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். அண்ணனைப் பார்த்தாள், குதிரையைப் பார்த்தாள், பிறகு மாமனார் பக்கம் திரும்பினாள்.

“மாமா, எங்கண்ணன் குதிரை எங்கண்ணன் மாதிரிதான். மேளம் அடிச்சவனுக்கெல்லாம் ஆடாது. வழி உடுங்கோ.”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாமனாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அதை மறைக்கத் தோள்துண்டைச் சரிசெய்தார். நான் சிவப்பு முடிக்காரனைப் பார்த்தேன். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு, மெதுவாக, பழைய தாளத்தில் ஆரம்பித்தான். அவள் நடந்தாள்.

மண்டப வாசலில் இரண்டு பக்கமும் வாழை மரம் கட்டியிருந்தார்கள். ஆரத்தி சுற்றும்போது செட்டுக்காரர்கள் வழக்கம்போல முழுவேகத்தில் அடித்தார்கள். பக்கத்தில் நின்ற என் நெஞ்செலும்பே அதிர்ந்தது. அவள் நிறுத்தச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் கழுத்தை நீட்டினாள், வாழை இலை ஒன்றைப் பற்களால் பிடித்தாள், சர்ரென்று கிழித்தாள். யாரோ “ஐயையோ, கட்டின வாழையைத் தின்னுது” என்று கத்தினார்கள். “தின்னட்டும் உடுங்க” என்றார் முதலாளி. பயந்த குதிரை தின்னாது, வாய் பூட்டிக்கொள்ளும். இவள் அந்த மேளத்துக்கு நடுவில் நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, நிதானமாக மென்றுகொண்டிருந்தாள்.